வயோலாவுக்கு ஒரு நாற்காலி

ரகு,

ஆசீர்வாதம், சௌக்கிய விசாரணை, பத்திரிகை எத்தனை அச்சடிப்பது என்ற கேள்வி எல்லாம் அப்பா போட்ட கார்டில் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். இது அதற்கு மேல் வருகிற கடிதம். கார்டிலும் அடங்காது, இன்லண்டிலும் அடங்காது என்று தெரிந்ததால் உன் பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன். உறை கனமாக இருக்கிறதே என்று பயப்படாதே. மாட்டுங்காவில் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம்.

போன வாரம் பூனாவிலிருந்து எழுதியிருந்தாய். தை மாதம் கல்யாணம் முடிந்த கையோடு வசந்தாவை அழைத்துக்கொண்டு போய்விடுவதாகவும், செம்பூர் பள்ளிக்கூட வேலையை அவள் அந்த மாதமே விட்டுவிடுவாள் என்றும், 'அவள் எதற்கும் ஒத்துப்போகிற பெண் அம்மா, உன்னைப் போல' என்றும். உன்னைப் போல என்ற இடத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. உடனே ஒரு கார்டை எடுத்து, 'ரொம்ப சந்தோஷம், உன் இஷ்டப்படியே ஆகட்டும்' என்று எழுதினேன். தபால் பெட்டியில் போட இறங்கிப் போனவள் பாதிப் படியில் நின்றுவிட்டேன். நீ சொன்னதையே அரை நொடி பின்னால் நானும் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அது என் பழைய வியாதி. தீர்ந்துவிட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்த வியாதி. கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மேலே ஏறி வந்து, இதை எழுத உட்கார்ந்தேன். வசந்தா விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால், நான் வயோலா வாசிக்கக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான் என்பாய். உனக்குப் பாதிதான் தெரியும். குறுக்கே பேசாமல் கேள். கடிதத்தில் எனக்கு இருக்கிற ஒரே சௌகரியம் அதுதான்.

நான் எட்டு வயதில் பிடில் பிடித்தவள். கல்யாணம் ஆகி மாட்டுங்காவுக்கு வந்த நாளிலிருந்து உன் அப்பாவுக்குப் பக்கவாத்தியம். அவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வாரம் முழுக்கக் கணக்கைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் நம் கூடத்தில் பத்துப் பேரைக் கூட்டி பஜனை பாடுவார். நான் பக்கத்தில் சப்பணம் போட்டு, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டு வாசிப்பேன். பக்கவாத்தியக்காரியின் வேலை என்ன தெரியுமா? பாடுகிறவர் ஒரு பிடி பிடித்தால், அது காற்றில் ஆறுவதற்குள் அதே பிடியை நாமும் பிடிக்க வேண்டும். அவர் நின்றால் நிற்க வேண்டும். அவர் தப்பினால், தப்பியது சபைக்குத் தெரியாதபடி நாமும் சேர்ந்து தப்பி, அதையே ஒரு அழகு போலக் காட்டிவிட வேண்டும். இதில் நான் கெட்டிக்காரி. உன் அப்பா அடுத்து எங்கே போவார் என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்னால் என் விரலுக்குத் தெரியும். இருபது வருஷம் இப்படி ஓடிற்று.

பாகிஸ்தான் சண்டைக்கு முந்தின வருஷம். உன் அப்பாவுக்குக் குரல் வரவர இறங்கிக்கொண்டே வந்தது. அந்தச் சுருதிக்குப் பிடிலை இறக்கினால் தந்தி தொளதொளவென்று ஆகி, சத்தம் சளி பிடித்தவன் பேசுகிற மாதிரி வரும். ஒரு நாள் பைகுல்லாவில் ஏதோ ஏலக்கடையிலிருந்து ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்தால் உள்ளே பிடிலை விட ஒரு சுற்றுப் பெரியதாக ஒன்று. இரண்டு தந்தி இல்லை, தந்தியைத் தாங்குகிற குதிரை சாய்ந்து கிடந்தது. "என் குரலுக்குன்னே பண்ணினாப்ல இருக்கு பாரு. கீழ இறங்கி அழகாப் பேசுமாம். இனிமே இதுல வாசி" என்றார். அதன் பெயர் வயோலா என்பதுகூட எங்கள் இருவருக்கும் தெரியாது. இன்னும் நன்றாக அவர் பின்னால் போவதற்காகத்தான் அது நம் வீட்டுக்குள் வந்தது என்பதை மட்டும் நீ நினைவில் வைத்துக்கொள்.

தந்திக்கும் குதிரைக்கும் யாரைக் கேட்பது என்று விசாரித்தபோது, ஃபைவ் கார்டன்ஸ் தாண்டி பார்ஸி காலனியில் ஜெர்பாய் என்று ஒரு அம்மாள் இருக்கிறாள், பிடில் சொல்லிக்கொடுக்கிறாள் என்றார்கள். போனேன். அறுபது வயது இருக்கும், முழங்கால் வரை கவுன், மூக்கு நுனியில் கண்ணாடி. பெட்டியைத் திறந்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினோரு பேர் கூடி மேல்நாட்டுச் சங்கீதம் வாசிக்கிறார்கள். அதில் ஒன்பது பேர் பிடில். கீழ்க் குரலுக்கு செல்லோ, கஸ்டம்ஸில் வேலை பார்க்கும் டிசோசா என்ற கோவாக்காரர். பதினோராவது ஆள் பியானோ. நடுக் குரலுக்கு வயோலா வேண்டும். எல்லாருக்கும் பிடில்தான் வேண்டும், வயோலாவைத் தொட ஒருவரும் இல்லை. ஒரு நாற்காலி ஐந்து வருஷமாகக் காலியாகக் கிடந்தது. தந்தி நான் போட்டுத் தருகிறேன், குதிரை நான் வைத்துத் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த நாற்காலியில் உட்கார் என்றாள். எனக்குப் பேரம் பிடித்திருந்தது. வாத்தியம் சரியானதும் இரண்டு வாரம் போய்விட்டு நின்றுவிடலாம் என்பதுதான் என் திட்டம்.

நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பதே எனக்கு முதல் அதிசயம். கணுக்காலில் ஊன்றிக்கொள்ள முடியாது, தோளில் வைத்துத் தாடையால் பிடிக்க வேண்டும். முதல் மாதம் கழுத்தெலும்பு கன்றி, இடது கை மரத்துப்போய், தயிர் கடையக்கூட முடியாமல் உன்னைக் கடையச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கலாம். ஆனால் அந்தக் கீழ்த் தந்தியை முதல் தடவை முழு வில்லால் இழுத்தபோது, அது காதில் கேட்பதற்கு முன்னால் எலும்பில் கேட்டது. கீழ் வீட்டு அலமேலு மறுநாள் மாடி ஏறி வந்து, "என்ன மாமி, உங்காத்துல கப்பல் வந்து நிக்கறாப்ல இருக்கே" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம் பொங்கியது. நாற்பத்திரண்டு வயதில் எனக்குப் புதிதாக ஒரு குரல் வந்திருந்தது.

அவர்கள் எழுத்தைப் படிப்பதும் கஷ்டமாக இல்லை. ஐந்து கோடு, அதில் புள்ளி, நடுநடுவே குறுக்குக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். வயோலாவுக்கென்று ஆரம்பத்தில் ஒரு தனிக் குறி. ஒவ்வொரு புள்ளிக்குக் கீழேயும் பென்சிலால் ஸரிகம எழுதி வைத்துக்கொண்டேன். ஜெர்பாய் அதைப் பார்த்துவிட்டு, ரப்பரை எடுத்து இரண்டு பக்கத்தையும் சுத்தமாக அழித்துக் கொடுத்தாள். சுரத்தை அசைக்காதே, நேராகப் பிடி என்றாள், பிடித்தேன். இதெல்லாம் மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. வராதது ஒன்றே ஒன்று. எல்லாரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினால், ஜெர்பாயின் பிடிலில் மெட்டு எழும்பியதும், என் தாளில் எழுதியிருந்ததை விட்டுவிட்டு என் விரல்கள் அவள் மெட்டுக்குப் போய்விடும். முன்னே பின்னே கேட்டிராத மெட்டு. ஆனாலும் அரை நொடி பின்னால், அச்சாக அதே மெட்டு, ஒரு ஸ்தாயி கீழே. முதல் நாள் எல்லாரும் வில்லை நிறுத்திவிட்டு வியந்து பார்த்தார்கள். டிசோசா கைகூடத் தட்டினார். இரண்டாவது வாரம் சிரித்தார்கள். நான்காவது வாரம் ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெர்பாய் வில்லால் நோட்டு வைக்கும் தாங்கியைத் தட்டி, "ஏ பாயி, மேரா மத் பஜாவ். தும்ஹாரா பஜாவ்" என்பாள். என்னுடையதை வாசிக்காதே, உன்னுடையதை வாசி. எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் ஒரு குரல் பக்கத்தில் எழும்பும்போது அதோடு போகாமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த வருஷம் டிசம்பரில் பார்ஸி காலனி ஹாலில் அவர்கள் கச்சேரி. எங்கேயோ மேல்நாட்டில் எவரோ ஒரு மகானுபாவர் எழுதிய உருப்படி. நடுவில் பதினாறு கட்டத்துக்கு மற்ற பிடில்காரர்கள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு, பியானோக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு, சும்மா இருப்பார்கள். மேலே ஜெர்பாய், கீழே டிசோசா, நடுவில் நான். மேலே மெட்டு, நடுவில் அதற்குச் சம்பந்தமே இல்லாதது போல வேறு ஒன்று ஓட வேண்டும். ஓடினால்தான் மெட்டே மெட்டாகக் கேட்கும். நானும் மெட்டுக்குப் போய்விட்டால் நடுவே ஓட்டை விழுந்துவிடும். கச்சேரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஜெர்பாய் என்னைத் தனியாக உட்கார வைத்து, பாந்த்ராவில் ஒருவர் இருக்கிறார், வயோலா வாசிப்பார், அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. அடுத்த ஒத்திகையில் நான் என் இடத்தில் நின்றால் நாற்காலி எனக்கு, இல்லாவிட்டால் அவருக்கு. இரண்டு வாரத்தில் நின்றுவிடலாம் என்று போனவள், கிங்ஸ் சர்க்கிள் வரும் வரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தேன். வாழ்க்கையில் எனக்கென்று நான் கேட்ட முதல் பொருள் அந்த நாற்காலி. அதற்கு முன் புடவைகூடக் கேட்டதில்லை.

முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒத்திகைக்குப் போகும்போது இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு போனேன். அவள் மெட்டு கேட்காவிட்டால் எப்படிப் பின்னால் போவேன்? போகவில்லை. என் வரியை அட்சரம் பிசகாமல் வாசித்து முடித்துத் தலை நிமிர்ந்தால், மற்றவர்கள் எனக்கு முன்னாலேயே முடித்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்பாய் எழுந்து வந்து என் காதிலிருந்து பஞ்சை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "சுன்னேகா. பர் ஆனேகா நை" என்றாள். கேட்க வேண்டும், ஆனால் வந்துவிடக் கூடாது. அதற்கப்புறம், இன்னும் ஒரே ஒரு வாரம் தருகிறேன் என்றாள். ரகு, எனக்குக் கிடைத்த உபதேசம் எல்லாவற்றிலும் அந்த நாலு சொல்லுக்கு மேல் ஒன்றும் இல்லை. கேட்காமல் இருப்பது சுலபம். கேட்டுவிட்டுக் கூடவே போய்விடுவதும் சுலபம். நான் இரண்டிலும் தேர்ந்தவள்.

அந்த ஒரு வாரம்தான் உனக்குத் தெரிந்த பாதி. டிப்ளமா கடைசி வருஷத்தில் இருந்தாய். மெட்டை உனக்குச் சொல்லிக்கொடுத்து, என் எதிரில் நிற்க வைத்து, சத்தமாகப் பாடு, என்னை இழு என்றேன். நீயும் ஈவிரக்கம் இல்லாமல் இழுத்தாய். சமையலறையில் நான் வயோலாவோடு, கதவு நிலையில் நீ. நாலாவது கட்டத்தில் விழுவேன். "அம்மா, வந்துட்டே" என்பாய். மறுபடி. ஆறாவது கட்டத்தில் விழுவேன். "வந்துட்டே." உன் அப்பா ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "இது என்னடா, அம்மாவும் பிள்ளையும் சண்டை போட்டுண்டிருக்கேளா?" என்று கேட்டார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் இப்படியே போயிற்று. வியாழக்கிழமை வயோலாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். என் வரியை வெறும் வாயால் பாடத் தொடங்கினேன். தோசைக்கு அரைக்கும்போது அதுதான் பாட்டு. மார்க்கெட்டுக்குப் போய்க் கீரை பொறுக்கும்போது அதுதான் பாட்டு. அதுவரை அதை நான், ஜெர்பாயின் மெட்டுக்கு அடியில் போடுகிற பலகை மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் மெட்டு வந்ததும் பலகையை விட்டு மெட்டில் ஏறிக்கொண்டேன். தனியாகப் பாடிப் பாடிப் பார்த்தபோதுதான், அதற்கும் ஒரு எடுப்பு இருக்கிறது, போய்த் திரும்பி வருகிற ஒரு அழகு இருக்கிறது என்று தெரிந்தது. சனிக்கிழமை காலை நீ குளியலறையில் குளித்துக்கொண்டே ஏதோ முனகினாய். நான் அடுப்படியில் கரண்டியோடு அப்படியே நின்றேன். நீ முனகியது மெட்டை அல்ல, என் வரியை. உன்னை அறியாமல் நீ என் பக்கம் வந்திருந்தாய். மறுநாள் ஒத்திகையில் பதினாறு கட்டமும் நின்றேன். ஜெர்பாய் பாந்த்ராக்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இனி உனக்குத் தெரியாதது. கச்சேரி நடந்த ஞாயிற்றுக்கிழமையே செம்பூரில் உன் பெரியப்பா வீட்டில் சீதா கல்யாண பஜனை. உன் அப்பா பாட, நான் வாசிக்க வேண்டும் என்று பெரியப்பா முன்னாலேயே சொல்லியிருந்தார். உன் அப்பாவும் சரி என்று சொல்லிவிட்டார். எனக்குக் கச்சேரிக்கு நாலு நாள் முன்னால்தான் தெரியும். நீ தூங்கிவிட்டாய் என்று நினைத்துக் கூடத்தில் மெதுவாகப் பேசினோம். "நான் அங்க வரலை" என்றேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் 'இல்லை' அது. அவருக்கு முதலில் புரியவே இல்லை. "நீ இல்லாம நான் எப்படிப் பாடறது?" என்றார். அதில் அதிகாரம் இல்லை, நிஜமான பயம் இருந்தது. முன்பெல்லாம் என்றால் அந்தப் பயத்துக்கு இரங்கிப் போயிருப்பேன். "ஸ்ருதிப் பெட்டி இருக்கு. தொண்டை இருக்கு. பாடுங்கோ" என்றேன். அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. காபி கொடுத்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தார். நான் அவர் கோபத்தைக் கேட்டுக்கொண்டே என் வேலையைச் செய்தேன்.  அதோடு போகவில்லை.

கச்சேரியில் நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். அரக்குப் புடவையில் நான் ஒருத்தி, சுற்றிலும் கோட்டும் கவுனும். அந்தப் பதினாறு கட்டம் வந்தது. ஆறாவது கட்டத்தில் பக்கம் திருப்ப வேண்டும். ஜெர்பாய் திருப்பியபோது இரண்டு தாள் சேர்ந்து வந்துவிட்டது. அவள் பிடில் நின்றுவிட்டது. நீங்களெல்லாம் அது அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். மேலே மெட்டு இல்லை. ஹாலில் கேட்டதெல்லாம் கீழே டிசோசா, நடுவில் நான். ரகு, பக்கவாத்தியக்காரியின் கைக்கு ஒரே சட்டம்தான் தெரியும்: பாடுகிறவர் நின்றால் நில். முப்பது வருஷத்துக்கு மேல் ஊறிய சட்டம். என் வில் தந்தியை விட்டு எழும்பியதை நான் உணர்ந்தேன். ஒரு மயிரிழை எழும்பியது. அதைத் திரும்பத் தந்தியில் வைத்து அழுத்தினேன். தைரியத்தால் அல்ல, அந்த வரி எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது, அதைப் பாதியில் விட மனசு வரவில்லை. இரண்டு கட்டம் முழுக்க அந்தப் பெரிய ஹாலில், டிசோசாவின் கீழ்க் குரலுக்கு மேலே, என் வரி மட்டும் தலை நிமிர்ந்து நடந்தது. ஜெர்பாய் தாளைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எங்கே இருக்கிறேன் என்பதை வைத்து அவள் எங்கே இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, ஒன்பதாவது கட்டத்தின் முதல் அட்சரத்தில் மெட்டோடு வந்து இறங்கினாள். அவள் வந்தபோதும் நான் போகவில்லை. கடைசி வரை போகவில்லை. கைத்தட்டல் அடங்குவதற்குள் அவள் என் கையைப் பிடித்து, "ஆஜ் மை தும்ஹாரே பீச்சே ஆயா" என்றாள். இன்றைக்கு நான் உன் பின்னால் வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை ரகு. சிரிப்பு வந்தது. எழுந்து நின்று ஹாலை ஒரு தடவை நன்றாகப் பார்த்தேன். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்குச் சொல்லிக்கொண்டதை இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன், வெட்கம் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் உன் அப்பா செம்பூரிலிருந்து வந்தார். நீ நண்பர்களோடு வெளியே போயிருந்தாய். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம், "ரெண்டு எடத்துல நின்னுட்டேன்" என்றார்.  "அந்த ரெண்டு எடத்துலயும் நான் எப்பவுமே தப்பாத்தான் பாடிண்டிருக்கேன் போலிருக்கு. நீ இருந்தா மூடிடுவே. இன்னிக்குத்தான் என் காதுல விழுந்தது" என்றார். பிறகு எழுந்து ஸ்ருதிப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இரண்டு இடத்தையும் இருபது தடவை பாடித் திருத்தினார். எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இருபது வருஷமாக நான் அவருக்குச் செய்தது பெரிய உபகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் குரலை அவரே கேட்க முடியாமல் செய்திருக்கிறேன். இப்போது சனிக்கிழமை பஜனையில் நான் அவர் பாடுவதையே வாசிப்பதில்லை. அவர் மேலே போனால் நான் கீழே வேறு ஒன்று போடுகிறேன். முதலில் வந்தவர்களெல்லாம் முகம் சுளித்தார்கள். இப்போது வடாலாவிலிருந்துகூட ஆள் வருகிறது. உன் அப்பா முன்னைவிட நன்றாகப் பாடுகிறார். இதை அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இதில் உனக்கு நான் பட்ட கடன் ஒன்று இருக்கிறது. எஸ்.எஸ்.ஸி. முடித்ததும் நீ காலேஜில் கணக்குப் படிக்க வேண்டும் என்றாய். அப்பா, டிப்ளமாதான் சோறு போடும் என்றார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நானும் டிப்ளமாதான் என்றேன். அன்றைக்கு என் மனசில் இருந்தது அது இல்லை. உனக்குக் கணக்குத்தான் வரும், உன்னை விட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வாயில் வந்தது அவர் மெட்டு. இன்றைக்கு நீ பாக்டரியில் நல்ல வேலையில் இருக்கிறாய், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீ அன்று என்னிடம் கேட்டது ஒரு பதில், நான் கொடுத்தது எதிரொலி. நான் வேறாகச் சொல்லியிருந்தால் உன் அப்பா கத்தியிருப்பார், அப்புறம் யோசித்தும் இருப்பார். யோசிக்கிற சந்தர்ப்பத்தை உங்கள் இருவருக்கும் நான் கொடுக்கவில்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுத வரவில்லை. இது தப்பு என்று எழுதி வைக்கிறேன், அது போதும்.

இப்போது வசந்தா. நான் இந்தக் கடிதத்தைப் பாதி எழுதி வைத்திருந்தபோது, போன புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நேராக இங்கே வந்தாள். புடவை பார்க்கத்தான் வந்தாள். அடை வார்த்துக் கொடுத்து, வேலையை விடப்போகிறாயாமே என்று கேட்டேன். "ஆமா மாமி, அவர் சொல்லிட்டார்" என்றாள். நீ என்ன நினைக்கிறாய் என்றேன். "அதேதான் மாமி" என்றாள், அரை நொடி பின்னால். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த அரை நொடியை என்னைவிட யாருக்குத் தெரியும்? தட்டை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு அடை போட்டு வந்து, மறுபடி கேட்டேன். அப்புறம்தான் சொன்னாள். அவளிடம் பதினோராவது படிக்கிற நாற்பது பெண்கள் கணக்குக்கு இருக்கிறார்கள். மார்ச்சில் அவர்களுக்குப் பரீட்சை. ஜனவரியில் விட்டுவிட்டுப் போனால் நடுவில் யாரும் வர மாட்டார்கள். பரீட்சை முடிகிற வரை இருந்துவிட்டு ஏப்ரலில் பூனா வருகிறேன் என்று உன்னிடம் சொல்ல நினைத்தாளாம், நீ சந்தோஷமாக வீடு பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டே போனதால் சொல்லவில்லையாம். நீ கெட்டவன் இல்லை ரகு. உன் அப்பாவும் கெட்டவர் இல்லை. உங்கள் மெட்டு பலமானது, அவ்வளவுதான்.

ஒத்துப்போகிற பெண் கிடைத்தாள் என்று சந்தோஷப்படுகிறாய். உனக்குப் பின்னாலேயே வருகிறவள் உன் தப்பையெல்லாம் அழகாக மூடிவிடுவாள். நீ நாற்பத்தைந்து வயதில் செம்பூரில் யார் வீட்டிலோ தனியாகப் பாடி, நின்றுபோய், அப்போதுதான் தெரிந்துகொள்வாய். உனக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம். அதனால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். வேலையை விடுகிறேன் என்று அவள் எழுதி வைத்திருந்த கடிதம் கைப்பையில் இருந்தது. அதைக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து மார்ச் வரை அவள் இந்த வீட்டில் என்னோடு இருப்பாள், இங்கிருந்து செம்பூர் போய் வருவாள், சனிக்கிழமை மத்தியானம் பூனா ரயில் ஏறுவாள். இதை உனக்கு எழுது, உன் வாயால் சொல், நான் சொன்னேன் என்று சொல்லாதே என்றேன். அவள் எழுதுவாள். ஒரு தடவைக்கு மேல் அழித்து எழுதுவாள், ஆனாலும் எழுதுவாள். நீ உன் ஆசையை விட்டுக்கொடுக்க வேண்டாம், அதையும் பதில் எழுது. இரண்டும் சேர்ந்து எப்படிக் கேட்கிறது என்று பார்.

அம்மா எதற்கு நடுவில் வந்தாள் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். நேரில் வந்து சண்டை போட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வா, சமைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். நீ சொல்வதையெல்லாம் உட்கார்ந்து கேட்பேன். கேட்டுவிட்டு, இதையேதான் மறுபடி சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வராதே. நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

அம்மா